நாலு பவுண்டு மாவு

(வேத பாடம்: விசுவாச ஜீவியமும் வீட்டாரும்)

வாசிக்க வேண்டிய பகுதிகள்: 1 இராஜாக்கள் 17:8–16, 2 இராஜாக்கள் 4:1–7, 1 தீமோத்தேயு 5:8



விசுவாச ஜீவியத்தைப் பற்றிப் பேசினால் நமக்கு உடனே ஜார்ஜ் முல்லர் ஞாபகத்துக்கு வருவார். அவருடைய சாட்சியை நாம் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறோம். இந்த மாதம் அதிகம் பேர் கேள்விப்படாத இன்னொரு மனிதரை உங்களுக்கு முன்பாக வைக்கிறேன். அவர் பெயர் கேப்டன் ஜோசப் பேட்ஸ். அமெரிக்காவில் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையை உருவாக்கின முதல் தலைவர்களில் ஒருவர். வேதாகமக் கல்லூரியில் சபைச் சரித்திரம் படித்த நாட்களில் இந்தக் கூட்டத்தாரைப் பற்றி எங்களுக்கு இரண்டு பக்கம்தான் பாடம். பேட்ஸ் ஐயாவின் குடும்பக் கதையைப் பிற்பாடுதான் தேடி வாசித்தேன்.

ஓய்வுநாள் உபதேசத்தில் அவர்களும் நாமும் ஒரே கருத்துள்ளவர்கள் அல்ல என்பது உங்களுக்குத் தெரியும். அந்த விவாதம் இந்தப் பாடத்தில் இல்லை. தேவன் ஒரு வீட்டாரை எப்படி நடத்தினார், அந்த வீட்டில் விசுவாசத்துக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதை மட்டும் பார்க்கப் போகிறோம்.

1. கடலுக்குப் போன பிள்ளை

ஜோசப் பேட்ஸ் 1792-ஆம் வருஷம் ஜூலை 8-ந் தேதி மாசசூசெட்ஸ் மாகாணத்தில் ரோச்செஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். அடுத்த வருஷமே குடும்பம் நியூ பெட்ஃபோர்ட் பக்கம் குடிவந்தது. பிற்பாடு ஃபேர்ஹேவன் என்று பெயர்பெற்ற பகுதி அது. துறைமுக ஊர். ஜன்னலைத் திறந்தால் பாய்மரங்கள்தான் தெரியும். தகப்பனார் அமெரிக்க சுதந்திரப் போரில் சேவித்தவர். மகன் நன்றாய்ப் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டவர். பையனுக்கோ கடல்மேல்தான் கண்.

பெற்றோர் ஒரு யோசனை பண்ணினார்கள். ஒரு தரம் கடலில் போய்க் குமட்டி வந்தால் ஆசை தீர்ந்துவிடும் என்று, அவனுடைய மாமாவோடு பாஸ்டன் வரைக்கும் ஒரு சின்னப் பயணம் அனுப்பி வைத்தார்கள். நடந்தது நேர் எதிர். ஆசை இரட்டிப்பானது! பிள்ளைகளை வளர்க்கிற தகப்பன் தாய்மாருக்கு இது புரியும்.

1807-ல் பதினைந்து வயதில் 'ஃபேனி' என்ற கப்பலில் கேபின் பையனாக ஏறினார். திரும்பி வரும் வழியில் ஒரு பெரிய சுறாமீன் கப்பலைத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தது. அந்த நாளில் இவர் உயரமான பாய்மரத்தின் மேலிருந்து கைதவறிக் கடலில் விழுந்துவிட்டார். கயிறு எறிந்து தூக்கினார்கள். மேலே வந்த பிறகு எல்லாரும் சுறா எங்கே என்று தேடினார்கள். அது கப்பலின் மறுபக்கத்தில் அமைதியாய் நீந்திக்கொண்டிருந்தது! தேவன் ஒரு பாத்திரத்தைத் தெரிந்துகொண்டால் சுறாமீனையும் மறுபக்கம் அனுப்பத் தெரிந்தவர். யோனாவுக்கு மீனை அனுப்பினவர் அவர்தானே!

1810-ல் இங்கிலாந்து லிவர்பூல் நகரத்தில் தங்கியிருந்தபோது பிரிட்டிஷ் கடற்படைக்கு ஆள்பிடிக்கிற கூட்டம் ராத்திரியில் வந்து இவரைப் பலவந்தமாய்ப் பிடித்துக்கொண்டு போனது. அமெரிக்கக் குடிமகன் என்று சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. 1812-ல் இரண்டு தேசத்துக்கும் யுத்தம் மூண்டபோது, சொந்த தேசத்துக்கு விரோதமாய் ஆயுதம் எடுக்கமாட்டேன் என்று சொல்லி யுத்தக் கைதியானார். கடைசியில் டார்ட்மூர் சிறைச்சாலை. 1815 ஏப்ரல் 6-ந் தேதி அந்தச் சிறைச்சாலையில் காவலர்கள் கைதிகள்மேல் சுட்டபோது அவரும் உள்ளே இருந்தார். இப்படி ஐந்து வருஷம் கழிந்தது. 1815 ஜூன் மாதத்தில் வீட்டு வாசற்படியை மிதித்தபோது, புறப்பட்டு ஆறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

இந்தக் காலமெல்லாம் பேட்ஸ் இரட்சிக்கப்பட்டவர் அல்ல. ஆனாலும் ஒரு கரம் அவரைப் பிடித்திருந்தது. சங்கீதம் 107-ல் கப்பலேறிக் கடல்யாத்திரை போகிறவர்களைப் பற்றி எழுதியிருக்கிற பகுதியை இந்த மனிதரை மனதில் வைத்து ஒரு தரம் வாசித்துப் பாருங்கள்.

2. பெட்டிக்குள் இருந்த புதிய ஏற்பாடு

1818 பிப்ரவரி 15-ல் புரூடன்ஸ் நை என்ற பெண்ணை விவாகம் பண்ணினார். வீட்டில் அந்த அம்மாளைப் புரூடி என்று செல்லமாய் அழைப்பார்கள். கல்யாணமாகிச் சில வாரத்துக்குள்ளே மாப்பிள்ளை மறுபடியும் கப்பலேறிவிட்டார். மாலுமியின் மனைவிக்கு வாழ்க்கை இதுதான். ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்று கணவன் முகத்தைப் பார்க்கமுடியாது. இவர்களுடைய மூத்த மகன் சிறு பிள்ளையாயிருக்கும்போதே மரித்துப்போனான். அந்தத் துக்கத்தைச் சுமந்த தாயின் மனசு எப்படி இருந்திருக்கும், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

1824-ல் பேட்ஸ் தென் அமெரிக்காவுக்கு ஒரு கப்பலின் தலைவராய்ப் புறப்பட்டார். ஓய்வு நேரத்தில் வாசிக்க நாவல்களும் கதைப் புத்தகங்களும் பெட்டி நிறைய எடுத்துக்கொண்டார். கடலில் போன பிறகு பெட்டியைத் திறந்தால், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு சிறிய புதிய ஏற்பாடு இருந்தது! புரூடன்ஸ் அம்மாள் வைத்தது. பிரசங்கம் பண்ணவில்லை, சண்டை போடவில்லை. கதைப் புத்தகங்களை வெளியே தூக்கிப் போடவுமில்லை. சும்மா மேலே வைத்து மூடி அனுப்பிவிட்டார்கள். அவ்வளவுதான்.

அந்தப் புஸ்தகத்தைத் திறந்த நாளிலிருந்து நாவல்களில் அவருக்கு ருசி போய்விட்டது. அதே பயணத்தில் ஒரு மாலுமி வியாதிப்பட்டு மரித்தான். தலைவர் என்கிற முறையில் அவனைக் கடலில் அடக்கம்பண்ணும் ஆராதனையை இவர்தான் நடத்தவேண்டியிருந்தது. ஜெபிக்கத் தெரியாத மனிதன் மரித்தவனுக்கு முன்பாக நின்றபோது தன் ஆத்துமாவின் நிலைமை அவருக்குத் தெரிந்தது. அங்கேயே தம்மைத் தேவனுக்கு ஒப்புக்கொடுக்கத் தீர்மானித்தார். 1827-ல் ஞானஸ்நானம் எடுத்து, மனைவி அங்கமாயிருந்த ஃபேர்ஹேவன் கிறிஸ்தவ சபையிலேயே சேர்ந்துகொண்டார்.

சகோதரிகளே, உங்கள் புருஷன் இன்னும் இரட்சிக்கப்படவில்லையா? சோர்ந்து போகாதீர்கள். 1 பேதுரு 3-ஆம் அதிகாரத்தின் முதல் வசனம், போதனையின்றி நடக்கையினால் ஆதாயப்படுத்துவதைப் பற்றிச் சொல்லுகிறது. அது நடக்கிற காரியம்தான் என்பதற்கு இந்தப் பெட்டி சாட்சி.

3. சாராயத்தை விட்ட கப்பல்

மனந்திரும்புவதற்கு முன்னமே பேட்ஸ் ஒரு காரியத்தைக் கவனித்தார். மதியச் சாப்பாட்டைவிட, அதோடு குடிக்கிற ஒரு கிளாஸ் மதுவுக்காகவே மனம் அதிகமாய்க் காத்திருக்கிறது என்று! உடனே 1821-ல் சாராயத்தை விட்டார். அடுத்த வருஷம் திராட்சமதுவை விட்டார். பிறகு புகையிலையையும் விட்டார். பிற்காலத்தில் தேநீர், காப்பி, மாமிசம் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஏன் இதெல்லாம் சாப்பிடுகிறதில்லை என்று யாராவது கேட்டால், என் பங்கை ஏற்கெனவே சாப்பிட்டு முடித்துவிட்டேன் என்கிற விதத்தில் சிரித்துக்கொண்டு பதில் சொல்லுவாராம். மற்றவர் தட்டை எட்டிப் பார்த்து நியாயந்தீர்க்கவில்லை.

ஞானஸ்நானம் எடுத்த அன்றைக்கே, ஈர வஸ்திரத்தை மாற்றிக்கொண்டிருக்கும்போதே, தமக்கு ஞானஸ்நானம் கொடுத்த போதகரிடம் மதுவிலக்குச் சங்கம் ஆரம்பிக்க உதவி கேட்டார். அந்தப் போதகர் மறுத்துவிட்டார்! ஆனால் பேட்ஸ் பின்வாங்கவில்லை. 1827-ல் ஃபேர்ஹேவனில் மதுவிலக்குச் சங்கம் ஏற்பட்டது. தம்முடைய கடைசிப் பயணத்தில் கப்பலில் மது கிடையாது, கெட்ட வார்த்தை கிடையாது, காலையில் ஜெபம் உண்டு என்று சட்டம் போட்டார். மாலுமிகள் முதலில் முறுமுறுத்தார்கள். ஆனாலும் கப்பல் பத்திரமாய்ப் போய் வந்தது.

1828-ல் கடலை விட்டு ஓய்வுபெற்றபோது அவர் கையில் ஏறக்குறைய 11,000 டாலர் சொத்து இருந்தது. அந்தக் காலத்துக்கு அது பெரிய பணம். வீடு, நிலம், பட்டுப்பூச்சிக்காக முசுக்கட்டை மரங்கள் என்று சௌகரியமாய் இருந்தார்கள். புரூடன்ஸ் அம்மாளுக்கு அப்போதுதான் கணவனோடு ஒரே வீட்டில் வாழுகிற பாக்கியம் கிடைத்தது.

4. விற்றுக் கொடுத்த வீடும் வராத நாளும்

1839-ல் வில்லியம் மில்லர் என்ற பாப்டிஸ்ட் பிரசங்கியாரின் செய்தியைப் பேட்ஸ் கேட்டார். மில்லர் ஒரு விவசாயி. தானியேல் 8:14-ல் வருகிற 2300 நாட்களைக் கணக்குப் பார்த்து, கர்த்தருடைய வருகை 1843, 1844 சமயத்தில் இருக்கும் என்று பிரசங்கித்துவந்தவர். பிற்பாடு அந்தக் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22 என்று ஒரே நாளைக் குறித்தார்கள்.

பேட்ஸ் முழு இருதயத்தோடு இறங்கினார். வீட்டையும் நிலத்தில் பெரும்பகுதியையும் விற்றுக் கடன்களையெல்லாம் தீர்த்தார். 1844-ல் கர்னி என்கிற கொல்லுவேலைக்காரச் சகோதரனைக் கூட்டிக்கொண்டு மேரிலாந்து மாகாணத்துக்குப் போனார். அது அடிமைகளை வைத்திருந்த பிரதேசம். இவரோ அடிமைத்தனத்தை எதிர்க்கிறவர் என்று பெயர்பெற்றவர். ஒரு கட்டையின்மேல் உட்கார்த்தி ஊரைவிட்டுத் தூக்கிக்கொண்டு போய்விடுவோம் என்று ஒருவர் பயமுறுத்தினபோது, அந்தக் கட்டைக்கு ஒரு சேணம் போட்டுத் தந்தால் நடந்து போவதைவிட நல்லதுதான் என்று பதில் சொன்னார்! எஜமான்கள் முன்னே உட்கார, அடிமைகள் பின்னே நின்று அந்தச் செய்தியைக் கேட்டார்கள்.

அக்டோபர் 22 வந்தது, போயிற்று. கர்த்தர் வரவில்லை. 'மகா ஏமாற்றம்' என்று சரித்திரத்தில் அதற்குப் பெயர். ஊர் சிரித்தது. பணமும் இல்லை, வீடும் இல்லை.

பிரியமானவர்களே, இங்கே நாம் மழுப்பாமல் பேசவேண்டும். நாளையும் நாழிகையையும் ஒருவனும் அறியான் என்று ஆண்டவரே சொல்லியிருக்கும்போது (மாற்கு 13:32), அவர்கள் நாள் குறித்தது தவறு. உத்தமமான இருதயம் இருந்தாலும் தவறு தவறுதான். 1992 அக்டோபர் 28-ல் வருகை என்று தென் கொரியாவில் ஒரு கூட்டம் நாள் குறித்தது. 2011 மே 21 என்று அமெரிக்காவில் ஒருவர் வானொலியில் சொன்னார். இரண்டையும் நம்பிப் பணத்தைத் தொலைத்த குடும்பங்கள் உண்டு. யாராவது தேதி சொன்னால் பணப்பையைத் திறப்பதற்கு முன் வேதத்தைத் திறவுங்கள்.

ஆனால் ஏமாற்றத்துக்குப் பிறகு பேட்ஸ் வேதத்தை மூடி வைத்துவிடவில்லை. அதுதான் கவனிக்கவேண்டியது. அநேகர் பின்மாறிப் போனபோது இவர் இன்னும் ஆழமாய்த் தேடினார். 1845-ல் ஏழாம் நாள் ஓய்வுநாளைப் பற்றி ஒரு கட்டுரை வாசித்து, நியூ ஹாம்ப்ஷயர் மாகாணத்தில் அதைக் கைக்கொள்ளுகிறவர்களைத் தேடிப்போய், ராத்திரி முழுவதும் உட்கார்ந்து வேதத்தை ஆராய்ந்தார். ஊர் திரும்பும்போது பாலத்தில் எதிர்ப்பட்ட சிநேகிதர் என்ன செய்தி கேப்டன் என்று விசாரித்ததும், ஏழாம் நாளே ஓய்வுநாள் என்பதுதான் செய்தி என்றாராம். 1846-ல் அதைப் பற்றி 48 பக்கத்தில் ஒரு சிறு புஸ்தகம் வெளியிட்டார். அதே வருஷம் விவாகமான ஜேம்ஸ் ஒயிட், எலன் ஒயிட் தம்பதிகள் அதை வாசித்துத்தான் ஓய்வுநாளை ஏற்றுக்கொண்டார்கள்.

5. சமையலறையில் நடந்த காரியம்

இப்போது நம்முடைய பாடத்தின் மையத்துக்கு வருகிறோம். ஏமாற்றத்துக்குப் பின்வந்த இரண்டு மூன்று வருஷத்துக்குள் நடந்த சம்பவம் இது. லாஃப்பரோ என்ற இளைய ஊழியர் பின்னாளில் தம் புஸ்தகத்தில் எழுதிவைத்தார்.

பேட்ஸ் ஒரு புஸ்தகம் எழுத உட்கார்ந்திருந்தார். கையிலிருந்த மொத்தப் பணம் ஒரு யார்க் ஷில்லிங், அதாவது பன்னிரண்டரை சென்ட். அம்மாள் வந்து, ரொட்டி சுட மாவு போதாது என்று சொன்னார்கள். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். நாலு பவுண்டு குறைகிறது என்றார்கள். பேசாமல் கடைக்குப் போய், அந்த நாலு பவுண்டு மாவை வாங்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டு, மறுபடியும் எழுத உட்கார்ந்தார்.

அம்மாள் வந்து பார்த்தார்கள். உலகமெல்லாம் கப்பலோட்டிய கேப்டன், பீப்பாய்க் கணக்கில் மாவு வாங்கின மனுஷன், நாலு பவுண்டு வாங்கிவந்திருக்கிறாரே என்று அதிர்ச்சி! அப்போதுதான் அவர் உண்மையைச் சொன்னார். இந்தப் பூமியில் எனக்கிருந்த கடைசிக் காசுக்கு வாங்கின மாவு இது என்று. அம்மாள் முந்தானையால் முகத்தை மூடி அழுதார்கள். இனி என்ன செய்வோம், எதைச் சாப்பிட்டு வாழுவோம் என்று கேட்டார்கள். கர்த்தர் வழிதிறப்பார் என்றார் அவர். எப்போதும் நீங்கள் சொல்லுகிறது இதுதானே என்று சொல்லி அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார்கள்.

கொஞ்ச நேரத்துக்குள், தபாலாபீசில் தமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதில் பணம் இருக்கிறது என்று அவர் உள்ளத்தில் பலமாய் உணர்த்தப்பட்டது. எழுந்து போனார். கடிதம் இருந்தது! அந்நாட்களில் தபால்கூலியைக் கடிதம் வாங்குகிறவரே கட்டும் வழக்கம் உண்டு. ஐந்து சென்ட் கட்டவேண்டும். கையிலோ ஒரு சென்ட்கூட இல்லை. தபால்காரர் பிறகு தரலாம் என்றார். பேட்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை, நீங்களே பிரித்துப் பாருங்கள், பணம் இருந்தால் கூலியை எடுத்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள் என்றார். பிரித்தபோது உள்ளே பத்து டாலர் இருந்தது. பேட்ஸுக்குப் பணமுடை என்று கர்த்தர் பலமாய் ஏவினதால் உடனே அனுப்புகிறேன் என்று ஒருவர் எழுதியிருந்தார்.

அதைக்கொண்டு ஒரு பீப்பாய் மாவு, உருளைக்கிழங்கு, சர்க்கரை எல்லாம் வாங்கி வண்டியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் அச்சுக்கூடத்துக்குப் போனார். வண்டிக்காரன் சாமான்களை இறக்கப் பார்த்தபோது அம்மாள், இது எங்கள் வீட்டுக்கு இருக்கமுடியாது என்று மறுத்தார்களாம்! கணவர் திரும்பிவந்து அந்தக் கடிதத்தைக் கையில் கொடுத்தார். அம்மாள் வாசித்தார்கள். மறுபடியும் அழுதார்கள். ஆனால் இந்த அழுகை வேறு.

6. இதிலிருந்து நமக்குப் பாடங்கள்

இந்தச் சம்பவத்தைப் பிரசங்கத்தில் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் கேப்டனை விசுவாச வீரராகவும், மனைவியை விசுவாசமில்லாதவளாகவும் காட்டி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. ஏன் என்று சொல்லுகிறேன்.

அ) வீட்டாருக்கு உண்மை தெரியவேண்டும். கடைசிக் காசு என்பது கணவருக்குத் தெரியும், மனைவிக்குத் தெரியாது. அந்த அம்மாள் மாவைப் பார்த்துத்தான் நிலைமையைத் தெரிந்துகொண்டார்கள். பேட்ஸ் பெரிய விசுவாசிதான். ஆனாலும் இந்த ஒரு காரியத்தில் நாம் அவரைப் பின்பற்றவேண்டியதில்லை. சாறிபாத் விதவையிடம் எலியா தனக்கு இன்னது வேண்டும் என்று வெளிப்படையாய்க் கேட்டார். அவளும் பானையில் ஒரு பிடி மாவுதான் இருக்கிறது என்று வெளிப்படையாய்ச் சொன்னாள். இருவரும் உண்மை பேசின பிறகுதான் அற்புதம் நடந்தது. ஊழியக்காரரே, உங்கள் பணப்பையின் நிலைமை மூப்பர்களுக்கு முன்னால் உங்கள் மனைவிக்குத் தெரியட்டும்.

ஆ) கேள்வி கேட்பது அவிசுவாசம் அல்ல. 2 இராஜாக்கள் 4-ல் ஒரு தீர்க்கதரிசியின் மனைவி எலிசாவிடம் வந்து கூக்குரலிடுகிறாள். புருஷன் கர்த்தருக்குப் பயந்தவன்தான். ஆனால் கடனை வைத்துவிட்டு மரித்துப்போனான். கடன்கொடுத்தவன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாக்க வந்து நிற்கிறான். எலிசா அவளை, உனக்கு விசுவாசம் இல்லை என்று கடிந்துகொண்டாரா? இல்லையே! நான் உனக்கு என்ன செய்யவேண்டும், உன் வீட்டில் என்ன இருக்கிறது என்றுதான் கேட்டார். நான் அறிந்த ஒரு கிராம ஊழியரின் மனைவி ஒரு நாள் என் மனைவியிடம் சொன்னாள்: "உங்க சபையில வெள்ளிக்கிழமைதான் உபவாசம். எங்க வீட்ல மாசக் கடைசி பத்து நாளும் உபவாசம்தான்க்கா." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். அவர்கள் யாரும் ஊழிய அழைப்பைப் பெற்றுப் பொருத்தனை பண்ணினவர்கள் அல்ல. தன் வீட்டாரை விசாரியாமற்போகிறவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடினமாய்ச் சொல்லுகிறது என்று பாருங்கள். பவுல் அப்போஸ்தலனே கொரிந்துவில் கூடாரம் பண்ணி வேலைசெய்தார் (அப்போஸ்தலர் 18:3). கைவேலை செய்வதால் விசுவாச ஜீவியம் குறைந்துபோகாது.

இ) மனசாட்சியைக் கட்டாயப்படுத்தக்கூடாது. 1845-ல் கேப்டன் ஓய்வுநாளை ஏற்றுக்கொண்டார். மனைவி ஏற்றுக்கொள்ளவில்லை. எத்தனை வருஷம் தெரியுமா? ஐந்து வருஷம்! அந்தக் காலமெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் மனைவியை வண்டியில் ஏற்றிப் பழைய சபை வாசலில் கொண்டுபோய் விடுவாராம். தாம் உள்ளே போகமாட்டார். ஆராதனை முடிந்ததும் வந்து கூட்டிக்கொண்டு போவாராம். அவரைப் பற்றி எழுதியவர்கள் இதைச் சொல்லுகிறார்கள். ஊரெல்லாம் பிரசங்கித்து ஆத்துமாக்களைச் சேர்த்தவர், சொந்த வீட்டில் வண்டியோட்டிக்கொண்டு பொறுமையாய்க் காத்திருந்தார். 1850-ல் அம்மாள் தாமே மனதார ஏற்றுக்கொண்டார்கள். அன்றைக்குப் பெட்டியில் புதிய ஏற்பாட்டை வைத்து மனைவி காத்திருந்தாள். இன்றைக்குச் சபை வாசலில் புருஷன் காத்திருந்தார். உபதேசத்தில் நாம் வேறுபட்டாலும் இந்தப் பொறுமையை நாம் கற்றுக்கொள்ளவேண்டும். நம்முடைய சபைகளிலே மனைவி வேறு சபைக்குப் போகிறாள் என்பதற்காகச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிற சகோதரர்களும் இருக்கிறார்கள்.

ஈ) கடிதம் எழுதின கை யாருடையது? அந்தப் பத்து டாலர் வானத்திலிருந்து விழவில்லை. எங்கேயோ ஒரு மனிதர் ஆவியானவரின் ஏவுதலைக் கேட்டு, நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாமல் உடனே அனுப்பினார். ஒரு நாள் தாமதித்திருந்தால்? அதேபோல 1846-ல் வெளியான புஸ்தகத்தின் அச்சுக்கூலி பாக்கியைக் கட்ட வழியில்லாதிருந்தபோது, மேரிலாந்துக்குக் கூடவந்த கர்னிக்குப் பழைய பாக்கி ஒன்று திரும்பி வந்தது. அவர் அச்சுக்கூடத்துக்குப் போய், தம் பெயரைச் சொல்லாமலே கணக்கைத் தீர்த்துவிட்டார். விசுவாச வீரரின் சாட்சிக்குப் பின்னால் இப்படிப் பெயர் தெரியாத கீழ்ப்படிதல்கள் உண்டு. சபையாரே, 'கர்த்தர் உங்க தேவையைச் சந்திப்பார் பாஸ்டர்' என்று கைகுலுக்கிவிட்டுப் போகிற நாம், அந்தக் கர்த்தர் நம்மைத்தான் அனுப்ப நினைக்கிறாரோ என்று கேட்டதுண்டா?

7. முடிவுவரைக்கும்

பேட்ஸ் ஐயா பின்னும் கால் நூற்றாண்டு ஓடினார். 1852-ல் மிச்சிகன் மாகாணத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊருக்கு வந்தார். அறிமுகமானவர் ஒருவரும் இல்லை. நேரே தபாலாபீசுக்குப் போய், இந்த ஊரிலேயே மிக உண்மையுள்ள மனிதர் யார் என்று விசாரித்தார். அவர்கள் காட்டின வீட்டில், ஹெவிட் என்ற பிரஸ்பிட்டேரியன் சகோதரனிடம், அன்றைக்கே வேதத்தைத் திறந்தார். அவர் குடும்பம் ஏற்றுக்கொண்டது. பிற்பாடு அந்த ஊரே அட்வென்டிஸ்ட் சபையின் தலைமையிடமாகி 1903 வரைக்கும் இருந்தது. 1863-ல் அந்தச் சபையின் பொது மாநாடு அமைக்கப்பட்டதும் அங்கேதான்.

1858-ல் பேட்ஸ் தம்பதிகள் மிச்சிகனில் மான்டெரே என்ற ஊரில் குடியேறினார்கள். 1870 ஆகஸ்டு 27-ல் புரூடன்ஸ் அம்மாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஐம்பத்திரண்டு வருஷ இல்லறம். அடுத்த வருஷம், 79 வயதில், தனியாளான அந்தக் கிழவர் நூறு கூட்டங்களுக்குக் குறையாமல் நடத்தினார். 1872 மார்ச் 19-ல் அவரும் இளைப்பாறுதலுக்குள் பிரவேசித்தார். மான்டெரேயில் மனைவியின் பக்கத்திலேயே அவரை அடக்கம்பண்ணினார்கள்.

ஆம், பிரியமானவர்களே! சாறிபாத் விதவையின் வீட்டில் தீர்க்கதரிசி மட்டும் போஷிக்கப்படவில்லை. அவளும் அவள் வீட்டாரும் அநேகநாள் சாப்பிட்டார்கள் என்று வேதம் சொல்லுகிறது. கேப்டனுடைய வீட்டிலும் அப்படியே. மேஜையில் எழுதினவருக்கு வந்த பதில், சமையலறையில் அழுதவர்களுக்கும் வந்த பதில்தான். ஒருவர் எடுக்கிற விசுவாசத் தீர்மானத்தின் பாரம் வீடு முழுவதின்மேலும் விழுகிறது. ஆகையால் தீர்மானமும் வீடு முழுவதும் சேர்ந்து முழங்காலில் எடுக்கிறதாய் இருக்கட்டும்.

தியானித்து ஜெபிக்க:

1. உங்கள் வீட்டின் வரவு செலவு உங்கள் துணைவருக்கு முழுவதும் தெரியுமா?

2. உங்கள் மனைவியோ பிள்ளைகளோ கேட்ட எந்தக் கேள்வியை 'அவிசுவாசம்' என்று சொல்லி வாயடைத்தீர்கள்?

3. உங்களோடு ஒத்துப்போகாத ஒருவருக்காக எத்தனை நாள் பொறுமையாய்க் காத்திருக்கிறீர்கள்?

4. இந்த வாரம் எந்த ஊழியக்காரர் வீட்டு மாவுப் பானையைப் பற்றிக் கர்த்தர் உங்களுக்கு உணர்த்துகிறார்? எப்போது கீழ்ப்படியப் போகிறீர்கள்?

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, உமது ஊழியத்துக்காக விலை கொடுத்து, பெயர் வெளியே தெரியாமல் வீட்டுக்குள் கண்ணீர் வடிக்கிற ஒவ்வொரு தாயையும் நினைத்தருளும். அவர்கள் பானைகளில் மா குறைந்துபோகாதிருக்கட்டும். ஊழியர்களுக்கு உண்மையான நாவைத் தாரும். எங்களுக்கோ உமது ஏவுதலுக்கு உடனே கீழ்ப்படிகிற கைகளைத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் வீடுகளை ஆசீர்வதிப்பாராக. மாரநாதா!